'நைட் ஆனா நெட் படுத்துடுது': ஊர் இணைய ஆபரேட்டர்கள் எந்த டிராஃபிக் கண்காணிப்பு மென்பொருளைத் தேர்வு செய்யலாம்?

பட்டுக்குப் பெயர்போன ஆரணி, அதை ஒட்டிய பெரணமல்லூர் போன்ற ஊர்களில் இன்று தறி ஓடுவதற்கு நூல் எவ்வளவு முக்கியமோ, ஆர்டர் பிடிக்க நெட்டும் அவ்வளவு முக்கியம். சேலையின் போட்டோ வாட்ஸ்அப்பில் போகிறது. வீடியோ காலில் முந்தானையைக் காட்டச் சொல்கிறார் வெளியூர் வியாபாரி. பிள்ளைகளின் ஆன்லைன் டெஸ்ட்டும், இ-சேவை மையத்தின் சான்றிதழ் விண்ணப்பமும் அதே ஃபைபர் கம்பியில்தான் போகின்றன.

பகல் முழுக்க நன்றாக ஓடும் அந்த நெட், ராத்திரி 9 மணிக்கு மேல் சுற்ற ஆரம்பிக்கிறது. "அண்ணே, நெட் சுத்திக்கிட்டே இருக்கு" என்று ஆபரேட்டருக்கு போன். "மேலேயே பிராப்ளம் தம்பி, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று பதில். அவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரியாது என்பதுதான் உண்மை.

அந்த 'தெரியாது'க்கு விலை இருக்கிறது. காரணம் தெரியாமல் கூடுதல் பேண்ட்வித் வாங்கினால் மாதாமாதம் பணம் போகும், பிரச்னை மட்டும் அப்படியே இருக்கும். எனவே கேபிள் டிவியில் இருந்து இணையத்துக்கு வந்த ஆபரேட்டர்கள் பலர் இப்போது நெட்வொர்க் டிராஃபிக் கண்காணிப்பு மென்பொருளைத் தேடுகிறார்கள். இலவசமாகவும் கிடைக்கிறது, பல லட்சம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதை எடுப்பது? எப்படி முடிவு செய்வது? விரிவாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: லைசென்ஸ் யாருடையது?

மென்பொருளின் பெயரைப் பார்ப்பதற்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தியாவில் இணைய சேவை உரிமம் மூன்று வகை. ஏ என்றால் நாடு முழுவதும், பி என்றால் ஒரு தொலைத்தொடர்பு வட்டம், சி என்றால் அதைவிடச் சிறிய பகுதி. இந்த உரிமத்தைச் சொந்தமாக வைத்திருப்பவர் ஒரு ரகம். உரிமம் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு ஃபிரான்சைஸாகவோ பங்குதாரராகவோ இருந்து, ஊருக்குள் கம்பி இழுத்து இணைப்பு கொடுப்பவர் இன்னொரு ரகம். பிஎஸ்என்எல் ஃபைபர் இணைப்புகளை உள்ளூர் ஆபரேட்டர்கள் நடத்துவது இந்த இரண்டாவது முறையில்தான்.

இரண்டாவது ரகத்தில், வாடிக்கையாளர் லாகின் ஆகும் பெரிய ரூட்டர் உங்கள் கையில் இருக்காது. ஓஎல்டி பெட்டி, சில சுவிட்ச்கள், வீடுகளில் இருக்கும் ஓஎன்டி, இவ்வளவுதான் உங்கள் எல்லை. இவர்களிடம் போய் முழு ஐஎஸ்பி கண்காணிப்பு தொகுப்பை விற்பது, சைக்கிளுக்கு லாரி டயர் விற்பது மாதிரி. எளிய இலவச மென்பொருளே போதும். சொந்த உரிமம் வைத்திருப்பவருக்குத்தான் கீழே சொல்லும் எல்லாமே தேவைப்படும்.

தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம், பாரத்நெட் இரண்டாம் கட்டத்தில் மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் திட்டத்தைக் கையில் எடுத்திருக்கிறது. ஊராட்சிக்குக் குறைந்தது 1 ஜிபிபிஎஸ் என்பது இலக்கு. பெரணமல்லூர் பேரூராட்சி என்பதால் அந்த எண்ணிக்கைக்குள் வராது. சுற்றியுள்ள கிராம ஊராட்சிகள் வரும். ஆக இந்தப் பகுதியில் அரசு, பிஎஸ்என்எல், தனியார், உள்ளூர் ஆபரேட்டர் என ஒரே தெருவுக்குப் போட்டி கூடும். அப்போது 'மேலேயே பிராப்ளம்' என்ற பதில் எத்தனை நாள் எடுபடும் என்பது சந்தேகம்தான்.

எவ்வளவு நிரம்பியிருக்கிறது?

கண்காணிப்பு என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் உள்ளே நாலு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு வாங்கிய மென்பொருள் மற்றதைச் செய்யாது. ஏமாற்றங்கள் பலவும் இங்கேதான் தொடங்குகின்றன.

முதல் வேலை, பைப் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அளப்பது. இதற்கு எஸ்என்எம்பி என்ற முறை இருக்கிறது. 1988ல் வந்தது, இன்றும் இதுதான் அடிப்படை. ஒவ்வொரு ரூட்டரும் சுவிட்சும் தன் போர்ட்டில் எத்தனை பைட் போனது, வந்தது என்று மீட்டர் மாதிரி எண்ணிக்கொண்டே இருக்கும். மென்பொருள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த மீட்டரைப் படித்து கிராஃப் போடும். மின்வாரிய ஊழியர் ரீடிங் எடுப்பது போலத்தான்.

இந்த கிராஃபுக்கு ஒரு கதை உண்டு. 1990களின் நடுவில் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த டோபி ஓடிக்கர் என்ற சுவிட்சர்லாந்துக்காரருக்கு, வெளி உலகத்துக்கான இணைப்பு 64 கேபிபிஎஸ் லைன் ஒன்றே ஒன்றுதான். அது எந்த நிலையில் இருக்கிறது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்ததால், அவர் எழுதிய சின்ன புரோகிராம்தான் எம்ஆர்டிஜி. 1995ல் வெளியானது. உலகம் முழுக்க ஐஎஸ்பிகள் அதைத்தான் பயன்படுத்தின. இன்று பெரணமல்லூரில் ஒரு வீட்டுக்குப் போகும் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத லைன் அது. ஆனால் கேள்வி அன்றும் இன்றும் ஒன்றுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய 32 பிட் மீட்டர், 1 ஜிபிபிஎஸ் முழு வேகத்தில் 34 நொடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்தில் இருந்து எண்ணத் தொடங்கிவிடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை படிப்பவருக்கு அது எத்தனை சுற்று சுற்றியது என்று தெரியாது. கிராஃப் அழகாக வரும், எண் தப்பாக இருக்கும். எனவே கருவியும் மென்பொருளும் 64 பிட் மீட்டரைப் பயன்படுத்துகிறதா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது, சராசரி செய்யும் ஏமாற்று. 500 இணைப்பு வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவு நெரிசலில் வீட்டுக்கு சராசரி 2 எம்பிபிஎஸ் என்று வைத்தால் மொத்தம் 1 ஜிபிபிஎஸ். 1 ஜிபிபிஎஸ் போர்ட் அத்துடன் முடிந்தது. ஆனால் நாள் முழுவதற்கும் சராசரி போட்டுப் பார்த்தால் 40 சதவீதம்தான் காட்டும். "பாதிகூட ஆகலையே" என்று தோன்றும். எம்ஆர்டிஜி வகை மென்பொருள்கள் இடத்தை மிச்சம் பிடிக்க, பழைய தகவலைப் போகப் போகச் சராசரியாக்கிச் சுருக்கிவிடும். போன மாதம் 9.20க்கு என்ன நடந்தது என்று தேடினால், 2 மணி நேரத்துக்கு ஒரு புள்ளிதான் இருக்கும். உச்ச அளவையும் தனியாகச் சேமிக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்பது அதனால்தான் முக்கியம்.

பேண்ட்வித் விற்பவர்கள் பலர் பேசும் '95வது பெர்சன்டைல்' கணக்கும் இதோடு சேர்ந்தது. 30 நாளில் 5 நிமிட ரீடிங் மொத்தம் 8,640. அதில் மேலே இருக்கும் 5 சதவீதத்தை, அதாவது 432 ரீடிங்கை, நீக்கிவிட்டு அதற்கு அடுத்ததை எடுப்பார்கள். 432 ரீடிங் என்பது 36 மணி நேரம். தினமும் 2 மணி நேர இரவு நெரிசல் என்றால் மாதத்துக்கு 60 மணி நேரம். கழித்தாலும் நெரிசல் மறையாது, கணக்கில் வந்துவிடும். திட்டமிடும் ஆபரேட்டருக்கு மாத சராசரியைவிட இந்த எண் எவ்வளவோ நேர்மையானது.

எந்த அளவில் உஷாராக வேண்டும்? டிராய் 2006ல் கொண்டுவந்த பிராட்பேண்ட் தர விதியில், நெரிசல் நேரத்தில் லிங்க் பயன்பாடு 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 90ஐத் தாண்டினால் அது நெரிசல் என்று இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் புதிய தர விதிகள் அமலுக்கு வந்துவிட்டன. என்றாலும் அலாரம் வைக்க 80 என்பது இன்றும் நல்ல கோடு. 5 நிமிட சராசரி 80 என்றால் இடையிடையே சில நொடிகள் 100ஐத் தொட்டு, பாக்கெட்டுகள் விழ ஆரம்பித்திருக்கும்.

யார் நிரப்புகிறார்கள்?

பைப் நிரம்பியது தெரிந்துவிட்டது. எதனால்? மீட்டர் இதைச் சொல்லாது. இதற்கு 'ஃப்ளோ' தகவல் வேண்டும். சிஸ்கோ 1990களில் கொண்டுவந்த நெட்ஃப்ளோ, அதிலிருந்து பொதுத் தரமாக வளர்ந்த ஐபிஃபிக்ஸ், சுவிட்ச்களில் அதிகம் காணப்படும் எஸ்ஃப்ளோ ஆகிய மூன்றும் இந்தக் குடும்பம். எந்த முகவரியில் இருந்து எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டில், எத்தனை பைட் போனது என்று ரூட்டரே பட்டியல் போட்டு அனுப்பும்.

இதைப் பார்த்தால் சுவாரசியமான விஷயம் தெரியும். சின்ன ஐஎஸ்பியின் இரவு டிராஃபிக்கில் பெரிய பகுதி கூகுள், மெட்டா, நெட்ஃப்ளிக்ஸ், கிரிக்கெட் ஸ்ட்ரீமிங் என விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில் இருந்தே வரும். 2023 நவம்பர் 19 உலகக்கோப்பை இறுதிப்போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். அப்படியொரு இரவில் ஊர் ஐஎஸ்பியின் கிராஃப் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃப்ளோ கையில் இருந்தால் முடிவு மாறும். டிராஃபிக்கில் பாதி கூகுள் என்றால், விலை அதிகமான பொது பேண்ட்வித்தை வாங்குவதற்குப் பதில், அந்த நிறுவனத்தின் கேஷ் சர்வர் எங்கே இருக்கிறது, சென்னையில் நிக்ஸி போன்ற இணைய பரிமாற்ற மையம் வழியாக வாங்க முடியுமா, மேலே சப்ளை செய்பவரிடம் அந்த வழி இருக்கிறதா என்று பேரம் பேசலாம். கையில் கிராஃப் இல்லாமல் பேரம் பேசப் போகிறவர், எடை போடாமல் நெல் விற்கப் போகிறவர்தான்.

ஒரு எச்சரிக்கை. டிராஃபிக் அதிகமானால் எல்லா பாக்கெட்டையும் எண்ண முடியாமல், ஆயிரத்தில் ஒன்று என மாதிரி எடுத்துத்தான் பல கருவிகள் ஃப்ளோ அனுப்பும். எங்கே அதிகம் என்று பார்க்க இது போதும். சட்டப்படி வைக்க வேண்டிய பதிவுக்கு இது உதவாது. இரண்டையும் ஒன்று என்று சொல்லி விற்பவரிடம் கவனமாக இருக்க வேண்டும்.

அப்போ நான் என்ன பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியுமா?

வாசகர்களுக்கு இயல்பாக வரும் கேள்வி. இன்றைய இணையத்தில் பெரும்பாலானவை மறைகுறியாக்கப்பட்டே போகின்றன. வாட்ஸ்அப்பில் என்ன எழுதினீர்கள், யூடியூபில் எந்த வீடியோ என்பது ஃப்ளோவில் வராது. ஆனால் இந்த வீட்டில் இருந்து இத்தனை மணிக்கு இந்த நிறுவனத்தின் சர்வருக்கு இவ்வளவு டேட்டா போனது என்பது தெரியும். அதுவே ஒரு குடும்பத்தின் நடமாட்டத்தைச் சொல்லிவிடும். வீட்டில் யாரும் இல்லாத நேரம்கூட அதில் தெரியும். அதனால் மென்பொருளில் யார் யாருக்கு லாகின், யார் எப்போது எதைப் பார்த்தார் என்ற பதிவு இருக்கிறதா என்பதையும் தேர்வில் சேர்க்க வேண்டும். பில் வசூலிக்கப் போகும் பையனுக்கு வீட்டு வாரியான ஃப்ளோ தேவையில்லை. 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது வெறும் நாகரிகம் சார்ந்த விஷயம் மட்டும் இல்லை.

வாடிக்கையாளருக்கு எப்படி இருக்கிறது?

லிங்க் 50 சதவீதம்தான், ஆனாலும் புகார் வருகிறது. இது அடிக்கடி நடப்பதுதான். ஏனென்றால் 'ஸ்லோ' என்ற ஒரு வார்த்தைக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒரே தெருவில் மட்டும் புகார் என்றால் ஒளி அளவைப் பார்க்க வேண்டும். ஜிபான் முறையில் ஓஎல்டியின் ஒரு போர்ட்டில் இருந்து ஸ்ப்லிட்டர் வழியாக 64 வீடுகள் வரை போகலாம். கீழ்நோக்கி வரும் 2.5 ஜிபிபிஎஸ் அத்தனை பேருக்கும் பொது. வீட்டு ஓஎன்டிக்கு வரும் ஒளி மைனஸ் 27 டிபிஎம்மை நெருங்கினால் இணைப்பு தடுமாறும். மழையில் ஜாயின்ட் பாக்ஸில் தண்ணீர் இறங்கினாலோ, கம்பத்தில் ஃபைபர் மடங்கினாலோ ஒளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சிவப்பு லைட் எரிவதற்குப் பல நாள் முன்பே கிராஃபில் அது இறங்குவது தெரியும். தறியில் பாவு நூல் அறுந்தால் நெசவாளியின் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ஃபைபரில் அந்தக் கண் மென்பொருள்தான்.

ஸ்பீட் டெஸ்ட் நன்றாக வருகிறது, ஆனால் புதிய பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது. இது வேறு நோய். ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகள் பகிர்வதை சிஜி-நாட் என்பார்கள். ஒரு முகவரிக்குக் கிடைக்கும் போர்ட்கள் சுமார் 64,500. வீட்டுக்கு 1,000 என்று பிரித்தால் 64 வீடுகள். டிவி, நாலு போன், சிசிடிவி என்று ஒரு வீட்டிலேயே இணைப்புகள் கூடி அந்த 1,000 தீர்ந்துவிட்டால், புதிய இணைப்புக்கு இடம் இருக்காது. பேண்ட்வித்தை இரண்டு மடங்காக்கினாலும் இது தீராது.

ரூட்டரின் சிபியு 100 சதவீதம் தொட்டிருக்கலாம். அல்லது உண்மையிலேயே மேலே சப்ளை செய்பவரிடம் பிரச்னையாக இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி பிங். சொந்த ரூட்டர், சப்ளையரின் கேட்வே, சென்னையில் ஒரு பரிமாற்ற மையம், வெளியே ஒரு பொது சர்வர் என நாலு இடத்துக்கு நாள் முழுக்க பிங் அனுப்பி கிராஃப் போட வேண்டும். எந்தப் படியில் தாமதம் ஏறுகிறதோ, அங்கேதான் கோளாறு. எம்ஆர்டிஜி எழுதிய அதே ஓடிக்கர் எழுதிய ஸ்மோக்பிங் இதற்கென்றே இருக்கும் இலவச மென்பொருள். வரும் புகார்களில் கணிசமானவை வீட்டுக்குள் வைஃபை எட்டாமல் வருபவைதான் என்பதையும் இது காட்டிக்கொடுக்கும். ஓஎன்டி வரை எல்லாம் பச்சை என்றால், பிரச்னை ஓஎன்டிக்கு அந்தப் பக்கம்.

போலீஸ் கடிதம் வந்தால்?

நாலாவது வேலை இது. சொந்த உரிமம் வைத்திருப்பவர் தூக்கம் இழப்பது இங்கேதான். சைபர் மோசடி வழக்கில் காவல்துறை ஒரு ஐபி முகவரியையும் நேரத்தையும் கொடுத்து, இது யார் என்று கேட்கும். சிஜி-நாட்டில் அந்த முகவரிக்குப் பின்னால் 64 வீடுகள் இருக்கின்றன. முகவரி, போர்ட், நொடி வரை சரியான நேரம் ஆகிய மூன்றும் பதிவில் இருந்தால் மட்டுமே ஒரு வீட்டைச் சொல்ல முடியும். இல்லையென்றால் 63 அப்பாவி வீடுகளும் விசாரணைக்குள் வருகின்றன.

2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனையைத் திருத்தி, இத்தகைய பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது. அதற்கு முன் ஓராண்டு. செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28ல் வெளியிட்ட உத்தரவில், கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் இந்தியாவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும், இணையத் தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கருவிகளின் கடிகாரத்தை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு பொருத்தி வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. கடிகார விஷயம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் ரூட்டரின் நேரம் 3 நிமிடம் தப்பாக இருந்தால், அந்த போர்ட் அதற்குள் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும்.

இதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? 500 வீடுகள், வீட்டுக்கு நாளைக்கு 20,000 இணைப்புகள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் நாளைக்கு 1 கோடி வரிகள். வரிக்கு 150 பைட் என்றால் 1.5 ஜிபி. இரண்டு ஆண்டுக்கு 1 டிபிக்குச் சற்று மேல். சுருக்கி வைத்தால் இன்னும் குறையும். ஆக சேமிப்பது பெரிய செலவில்லை. தேடி எடுப்பதுதான் சிரமம். 14 மாதத்துக்கு முந்தைய ஒரு நொடியை, 500 கோடி வரிகளில் தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? டெமோ காட்டும்போதே இதைச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரு போர்ட் தொகுதியை மொத்தமாக ஒதுக்கினால் லாக் பல மடங்கு குறையும் என்பது உண்மை. ஆனால் வாடிக்கையாளர் சென்ற இடத்தின் முகவரியும் பதிவில் கேட்கப்பட்டால் அந்தச் சுருக்கம் போதாது. உரிமத்தில் உள்ள வரிகளைப் படித்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும்.

சரி, எந்த மென்பொருள்?

இலவச வரிசையில் லிப்ரெஎன்எம்எஸ் இப்போது சின்ன ஐஎஸ்பிகளுக்கு நல்ல தொடக்கம். 2013ல் அப்சர்வியம் என்ற மென்பொருளில் இருந்து பிரிந்து வந்தது. கருவியின் முகவரியைக் கொடுத்தால் போர்ட்களைத் தானே கண்டுபிடித்து கிராஃப் போட்டுவிடும். லாத்வியாவில் பிறந்த ஜாபிக்ஸ் அதைவிட ஆழமானது, எதையும் அளக்கலாம், ஆனால் பழக நாள் பிடிக்கும். மைக்ரோடிக் ரூட்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்த நிறுவனமே 'தி டியூட்' என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. பத்து இருபது கருவிகளுக்கு அது தாராளம். ஃப்ளோ பார்க்க இத்தாலியின் பீசாவில் உருவான என்டாப்-என்ஜி இருக்கிறது. அடிப்படைப் பதிப்பு இலவசம், கூடுதல் வசதிகளுக்குக் கட்டணம்.

காசு கொடுத்து வாங்குவதில் ஜெர்மனியின் பிஆர்டிஜி பயன்படுத்த சுலபம், 100 சென்சார் வரை இலவசம். 100 என்றால் 100 கருவி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு போர்ட் ஒரு சென்சார். 24 போர்ட் சுவிட்ச் நாலு வைத்தாலே 96 தீர்ந்துவிடும்.

நம்ம ஊர்ச் சரக்கும் உண்டு. ஜோஹோ என்றால் இன்று மெயிலும் அரட்டை செயலியும்தான் பலருக்கு நினைவு வரும். 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் அந்த நிறுவனம் தொடங்கியதே நெட்வொர்க் நிர்வாக மென்பொருளோடுதான். இன்று மேனேஜ்என்ஜின் என்ற பிராண்டில் ஆப்மேனேஜர், நெட்ஃப்ளோ அனலைசர் ஆகியவை விற்பனையாகின்றன. போன் போட்டால் தமிழில் பேச ஆள் கிடைக்கும் வாய்ப்பு ஒரு சின்ன ஊர் ஆபரேட்டருக்குப் பெரிய விஷயம். விலையைக் கணக்கிடும்போது கருவிகளின் எண்ணிக்கை, போர்ட்களின் எண்ணிக்கை, ஆண்டுச் சந்தா மூன்றையும் மூன்று ஆண்டுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இலவசம் என்பது மென்பொருளுக்கு மட்டும்தான். அதை நிறுவி, அப்டேட் செய்து, உடைந்தால் சரி செய்ய லினக்ஸ் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஆள் இருந்தால் லிப்ரெஎன்எம்எஸ், ஸ்மோக்பிங் இரண்டையும் எஸ்எஸ்டி போட்ட ஒரு பழைய டெஸ்க்டாப்பில் ஓட்டலாம். 500 இணைப்புக்கு அதற்கு மேல் முதல் வருடம் எதுவும் தேவைப்படாது. ஆள் இல்லையென்றால் சந்தா கட்டுவதே மலிவு. நட் லாக் சேமிப்பு மட்டும் இரண்டு நிலையிலும் தனி ஏற்பாடு, அதை கிராஃப் போடும் மென்பொருளோடு குழப்பக் கூடாது.

வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

பல ஊர்களில் சிக்கல் மென்பொருளில் இருக்காது, ஓஎல்டியில் இருக்கும். விலை மலிவான சில பெட்டிகள் ஒவ்வொரு வீட்டின் ஒளி அளவையும் எஸ்என்எம்பியில் வெளியே கொடுப்பதில்லை. எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளும் கருவி சொல்லாததைக் காட்டாது. எனவே கையில் உள்ள ஒரு ஓஎல்டி, ஒரு ரூட்டரை இணைத்து, இரண்டு வாரமாவது சோதனை ஓட்டம் ஓட்ட வேண்டும். அதில் இரண்டு சனி, ஞாயிறு இரவுகள் இருக்க வேண்டும்.

அலாரம் எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு ஓஎல்டிக்கு கரண்ட் போனால், 'ஓஎல்டி டவுன்' என்று ஒரு மெசேஜ் வர வேண்டும். வீட்டுக்கு ஒன்றாக 300 மெசேஜ் வந்தால் மூன்றாம் நாள் யாரும் படிக்க மாட்டார்கள். லிப்ரெஎன்எம்எஸ், ஜாபிக்ஸ் இரண்டுமே டெலிகிராமுக்கு அலாரம் அனுப்பும். ஆனால் அலாரம் போவதும் அதே நெட்டில்தானே? மெயின் லிங்க் போனால் அலாரமும் போகாது. வேறு நிறுவனத்தின் சிம் போட்ட ஒரு டாங்கிளும், யுபிஎஸ் பேட்டரியும் அந்த சர்வருக்குத் தனியாக வேண்டும்.

பாதுகாப்பை ஒத்திப்போட முடியாது. எல்லா கருவிகளுக்குள்ளும் போய்ப் பார்க்கும் சாவி இந்த மென்பொருளிடம் இருக்கிறது. 2020ல் அமெரிக்காவின் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் கண்காணிப்பு மென்பொருளின் அப்டேட்டிலேயே ஹேக்கர்கள் புகுந்தார்கள். சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை அந்த அப்டேட்டை இறக்கியிருந்தார்கள், அமெரிக்க அரசுத் துறைகளும் அதில் அடக்கம். 2018ல் அப்டேட் செய்யாத மைக்ரோடிக் ரூட்டர்கள் உலகெங்கும் கைப்பற்றப்பட்டு, கிரிப்டோ நாணயம் தோண்டப் பயன்பட்டன, இந்தியாவிலும் நடந்தது. எஸ்என்எம்பியின் பாஸ்வேர்டு 'பப்ளிக்' என்று கம்பெனியில் வைத்தபடியே விட்டிருந்தால், அதை இன்றே மாற்ற வேண்டும். கண்காணிப்பு சர்வரின் பக்கம் வெளி இணையத்தில் இருந்து திறக்கவே கூடாது.

வாடிக்கையாளர் பக்கம் ஒரு வழி இருக்கிறது. அடுத்த முறை நெட் சுற்றும்போது ஆபரேட்டரிடம், "என் ஓஎன்டிக்கு லைட் எவ்வளவு வருது? உங்க மெயின் லிங்க் இப்ப எத்தனை சதவீதம்? மேல பிங் எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் எண்ணில் பதில் வந்தால் அவரிடம் மென்பொருள் இருக்கிறது. "பார்த்துச் சொல்றேன்" என்றால் இன்னும் வாங்கவில்லை.